கேட்காமல் கொடுத்தவை

ஆர்.ஐ. வைரவசுந்தரம் எளிய வாழ்க்கைக்கு மாறியபோது முதலில் துறந்தது தன் மனைவியின் கிரைண்டரை. அடுத்துத் துறந்தது தன் மனைவியின் பீரோவை. அதற்குப் பிறகு அவளுடைய பித்தளை அண்டாவை, அவளுடைய அம்மா பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் பாத்திரங்களை, அவள் மொட்டைமாடியில் வடகம் காயப்போடும் கயிற்றுக் கட்டிலை என்று ஒவ்வொன்றாக, ஒரு மனுஷனுக்கு இப்படியும் வைராக்கியம் வருமா என்று ஊரே மூக்கில் விரலை வைக்கிற அளவுக்குத் துறந்துகொண்டே போனார். அவருடைய சாய்வு நாற்காலியும், கண்ணாடி அலமாரி நிறைய அவர் வாங்கி அடுக்கியிருந்த கேடயங்களும், ஆணியில் தொங்கிய சட்டைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் துறப்பதற்கு அவருக்கு இன்னும் வேளை வரவில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், ஆற்றிக்கொண்டு சொல்ல இது ஒன்றும் பிள்ளைகளைத் தூங்கவைக்கிற கதை இல்லை. வைரவசுந்தரம் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், ஆபீஸை விட்டு வந்த பிறகும் எங்கள் பூவரசடித் தெருவுக்கு அவர் ஆர்.ஐ. சார்தான். அவர் மனைவி பிரகதாம்பாள், திருக்கோகர்ணத்து அம்மன் பெயர், எங்களுக்கெல்லாம் பிரகதா அக்கா. நான் எதிர்வீட்டு தெய்வானை. புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அப்போது முதலில் தான் கற்றுக்கொண்டு பிறகு எங்கள் எல்லோருடைய சீட்டையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் பின்னாலேயே ஓடி வந்தவள் அவள். சிறுகச் சிறுகச் சேர்த்துத் தன் கைக்காசில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினாள். கிரைண்டரில் மாவு ஆட்டி, தூக்குவாளியில் ஊற்றி, அந்தச் சைக்கிளில் மாட்டி, மணி அடித்துக்கொண்டு தெருத் தெருவாகக் கொடுத்துவிட்டு வருவாள். எங்கள் தெருவில் எந்த வீட்டு இட்லியும் அவள் மாவுதான்.

குறைவே நிறைவு மன்றம் என்று ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் பரிதிவாணன் என்கிற பேச்சாளர் வெள்ளை வேட்டியில் நின்று, ஒரு மனிதனுக்கு எத்தனை தட்டு வேண்டும், எத்தனை கட்டில் வேண்டும் என்று உருக்கமாகக் கேட்டார். தனக்கென்று இந்த உலகத்தில் ஒரு துணிப்பையும் மாற்று வேட்டியும்தான் என்றார். அவர் வந்த கார் மன்றத்துடையது, அவர் படுத்த அறை மண்டபத்துக்காரருடையது, காலையில் அவர் நெய் ஒழுகச் சாப்பிட்ட பொங்கல் எங்கள் தெருப் பெண்கள் புகையில் நின்று கிண்டியது. ஆகவே அவர் சொன்னது பொய் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வைரவசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிரகதா அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மன்றத்திலிருந்து லோடு ஆட்டோ வந்து கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போனது. அவள் திரும்பி வந்து சைக்கிளை ரேழியில் நிறுத்தியபோது அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"கிரைண்டரை மன்றத்து அன்னதானக் கூடத்துக்குக் கொடுத்துட்டேன் பிரகதா. மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

"யாரக் கேட்டுக் கொடுத்திய?"

"என் வீட்டுல நான் யாரைக் கேக்கணும்?"

அவள் அடுப்படிக்குப் போனாள். கிரைண்டர் இருந்த மூலை வெறிச்சென்று கிடந்தது, தரையில் வட்டமாக ஒரு கறை மட்டும். அதைத் துடைக்கலாம் என்று குனிந்தவளின் நெற்றி எதிலோ இடித்தது. கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கைக்கு எல்லாம் தெரிந்தது. டிரம்மின் விளிம்பு, உள்ளே கல்லின் குளிர்ச்சி, பக்கவாட்டில் அவள் கட்டி வைத்திருந்த துணிக்கயிறு கூட. பொருள் போய்விட்டது, அதன் இடம் போகவில்லை. அவள் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். சுற்றவில்லை. இல்லாத கிரைண்டருக்கு இல்லாத வயர்தானே இருக்கும், இல்லாத வயரில் கரண்ட் எப்படி வரும்? ஊறவைத்திருந்த அரிசியை வடித்துக் காக்காய்க்குப் போட்டாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் குடிக்கப் போன வைரவசுந்தரம் அந்த வெறும் மூலையில் முழங்காலை இடித்துக்கொண்டு அலறிய சத்தம் எங்கள் வீட்டு ரேடியோவைத் தாண்டிக் கேட்டது. அந்த முதல் நாளுக்குப் பிறகு அவள் மேல் எதுவும் இடிக்கவில்லை, ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று அவள் உடம்புக்குத் தெரியும். அவருக்குப் பொருட்கள் இருந்தபோதே எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, போன பிறகு எப்படித் தெரியும்? இருந்தாலும் மனுஷன் அசரவில்லை. பீரோ போனது, பீரோவின் இடம் நின்றது. கட்டில் போனது, கட்டிலின் இடம் மொட்டைமாடியில் நின்றது, அதன்மேல் எங்கள் தெருப் பூனை ஒன்று அந்தரத்தில் படுத்து வெயில் காய்ந்தது. போன பொருள் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில், உபயம்: வைரவசுந்தரம், என்று எழுதி அனுப்பினார். அவளுடைய அம்மா பெயர் வெட்டியிருந்த பாத்திரங்களில் அந்தப் பெயருக்கு மேலேயே எழுதினார். அவளைக் கேட்கவில்லை.

இது ஒரு வீட்டோடு நின்றால் அதிசயம் என்று சொல்லலாம். எங்கள் தெருவில் ஆண்கள் எல்லோருக்கும் அந்த மாதம் எளிமை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் மாமியாரின் உரல், இன்னொரு வீட்டில் மகளின் வீணை, எட்வின் வாத்தியார் வீட்டில் அவர் மனைவி ஜெசிந்தாவின் தையல் மிஷின் என்று லோடு ஆட்டோ தினமும் வந்து போனது, இடங்கள் மட்டும் வீடு வீடாக நின்றன. நாங்களும் பழகிக்கொண்டோம், பழகாமல் என்ன செய்வது? பெண்கள் கோலமாவை எடுத்து ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் கோடு போட்டு வைத்தோம், குழந்தைகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க. குழந்தைகளோ இல்லாத சோபாவில் ஏறிக் குதித்து விளையாடின. எலும்புக்குக் கட்டுப்போடுகிற வைத்தியர் எங்கள் தெருமுனைக்கே வந்து கடை போட்டார். அவரிடம் வரிசையில் நின்றது அத்தனையும் வேட்டிகள்தான், ஒரு சேலைகூட இல்லை. கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, இது வீட்டுக்குள் இருக்கிற ஆக்கிரமிப்பு, நகராட்சிக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்தது எட்வின் வாத்தியார். இரண்டு முறை கட்டுப்போட்ட கால் வலி தாங்காமல் ஒரு நாள் ஜெசிந்தாவின் முன்னால் போய் நின்று, "ஏம்மா, மிஷினை நான் உன்னைக் கேக்காமக் கொடுத்தது தப்புதான். இப்பக் கேக்குறேன், கொடுக்கட்டுமா?" என்றார். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மிஷினு பழசாப் போச்சு, கண்ணும் தெரியல. கொடுத்துடுங்க," என்றாள். அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் ஜன்னலோரம் நின்ற இடம் கரைந்து, அங்கே காற்று வந்தது. வேறொரு வீட்டில் அந்த மகள் வீணையைக் கொடுக்க மாட்டேன் என்றாள், அவள் அப்பா மன்றத்துக்குப் போய்த் தலையைச் சொறிந்து வீணையைத் திருப்பி வாங்கி வந்தார், வீணை தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. உடையவள் மனசறிந்து கொடுத்தால் இடம் நிற்காது. ஒரே ஒரு கேள்விதான் வைத்தியம் என்று தெருவுக்கே தெரிந்துபோனது. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு கேட்டார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள், ஆனால் கேட்டார்கள்.

வைரவசுந்தரம் கேட்கவில்லை. நானே வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "சார், அக்காவ ஒரு வார்த்த கேட்டுட்டியன்னா வீடு துலக்கமாயிரும். அவுக மாட்டேன்னா சொல்லப் போறாக?"

"தெய்வானை, இது பற்றும்மா," என்றார், முழங்கால் கட்டைத் தடவிக்கொண்டே. "பரிதிவாணன் ஐயாவே போன்ல சொன்னாங்க. பொம்பளைங்க மனசுல பற்று இருக்கிறதாலதான் இடம் நிக்குது. அவ விடணும். நான் விட்டுட்டேன், அவ இன்னும் விடல."

அவர் விட்டுவிட்டாராம். ஒரு நாளாவது அந்த கிரைண்டரில் கை வைத்திருப்பாரா, அதைக் கழுவிக் கவிழ்த்திருப்பாரா, அதை அவர் விட்டுவிட்டாராம். இடுப்பு ஒடிய உழைத்தவள் மனசில் இருப்பது பற்று, உட்கார்ந்து தின்றவர் வாயில் இருப்பது துறவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன், பிறகு திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

பிரகதா அக்கா ஒரு விஷயத்தை என்னிடம் சொன்னாள், நான் மறக்கவே மாட்டேன். "தெய்வானை, எனக்கு இந்தச் சாமான்லாம் பெருசில்லடி. வயசாகுது, நாலு பாத்திரம் போதும்னு எனக்கும் தெரியாதா? கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். கேக்கணும்னு தோணலியே அவுகளுக்கு. நான் ஒரு ஆளா அங்க இருக்கேன்னே தெரியலியே." அவள் அழவில்லை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னாள். வீட்டில் அவளுடையதென்று மிஞ்சியிருந்தது அந்தச் சைக்கிள் ஒன்றுதான். "இத மட்டும் தொட்டாகன்னா பாத்துக்க," என்றாள். பாத்துக்க என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

மன்றம் வைரவசுந்தரத்துக்கு எளிமைச் சிகரம் என்று பட்டம் கொடுப்பதாக முடிவு செய்தது. விழா அவர் வீட்டிலேயே, வெறுமையான கூடத்திலேயே நடக்க வேண்டும், பரிதிவாணன் நேரில் வந்து பொன்னாடை போர்த்துவார், எல்லாம் வீடியோ எடுப்பார்கள் என்று ஏற்பாடு. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாவுக்கு முந்தின நாள் ரேழியைப் பார்த்தார், வாசல் வழியை அடைத்துக்கொண்டு சைக்கிள் நின்றது, வீடியோவில் அசிங்கமாகத் தெரியுமே என்று தோன்றியிருக்கிறது. அவள் ரேஷன் கடையில் வரிசையில் நின்ற நேரத்தில் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு அதையும் ஏற்றிவிட்டார். செயின் கவரில் சிவப்புப் பெயிண்டில் எழுத மறக்கவில்லை. அதோடு விடாமல், கோலமாக் கோடுகள் கிறுக்கல் மாதிரி இருக்கிறதென்று ஈரத்துணி வாங்கி வீடு முழுக்கத் தானே துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வீடு துடைத்தது அன்றைக்குத்தான்.

விழா காலையில். கூடத்தில் ஜமுக்காளம் விரித்துத் தெருவே உட்கார்ந்திருந்தோம், பீரோவின் இடத்தையும் மற்ற இடங்களையும் ஞாபகம் வைத்து ஒதுங்கி உட்கார்ந்தோம். கார் வந்தது. பரிதிவாணன் கும்பிட்ட கையோடு, மலர்ந்த முகத்தோடு, வீடியோக்காரரைப் பார்த்தபடியே ரேழியில் கால் வைத்தார். கிணிங் என்று ஒரு மணிச் சத்தம். ஹேண்டில்பாரின் இடம் அவர் வயிற்றில் ஏறி, பெடலின் இடம் அவர் வேட்டியைப் பிடித்து இழுக்க, ஒன்றுமே இல்லாத ரேழியில் எளிமையின் பேரறிஞர் குப்புற விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அவர் முகம் சிவந்து, "இன்னும் இந்த அம்மா பற்றை விடலியா?" என்று கேட்டார்.

வைரவசுந்தரத்துக்கு அவமானம் தாங்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அக்காவின் கையில் மைக்கைத் திணித்தார். "சொல்லு. எல்லாரும் கேக்குற மாதிரி, விட்டுட்டேன்னு சொல்லு."

அவள் மைக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவரை மட்டும் பார்த்துப் பேசினாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஒரு வார்த்த என்னைய கேளுங்க. கொடுக்கட்டுமான்னு கேளுங்க, போதும்."

கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. எட்வின் வாத்தியார் பின்வரிசையிலிருந்து, "கேளுங்க சார், பல்லா கொட்டிரும்?" என்றார். ஒரு நிமிஷம் அவர் உதடு அசைந்த மாதிரி கூட எனக்குத் தோன்றியது. நான் கும்பிடுகிற அம்மனையெல்லாம் கூப்பிட்டேன்.

"சபை நடுவுல என்னைக் கெஞ்ச வைக்கப் பாக்குறியா?" என்றார். "என் வீட்டுல இருந்த சாமான். நான் கொடுத்தேன். சொல்லுடி."

பிரகதா அக்கா மைக்கை நிமிர்த்தினாள். "கிரைண்டர விட்டுட்டேன்," என்றாள். அடுப்படி மூலையிலிருந்து புஸ் என்று காற்றுப் போகிற சத்தம் வந்தது. "பீரோவ விட்டுட்டேன்." சுவரோரம் பீரோவின் இடத்தில் கை ஊன்றி நின்றிருந்த வீடியோக்காரர் தடுமாறிச் சுவரில் சாய்ந்தார். "எங்கம்மா கொடுத்த அண்டாவ, பாத்திரத்த, கட்டில எல்லாத்தையும் விட்டுட்டேன்." மொட்டைமாடியில் பூனை பொத்தென்று விழுந்து கத்தியது. வீடு ஒவ்வொரு சொல்லுக்கும் அகலமாகிக்கொண்டே போனது, பரிதிவாணன் கைதட்ட, கூட்டமும் தட்டியது, வைரவசுந்தரத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. "இந்த வீட்ட விட்டுட்டேன்," என்றாள். கைதட்டல் நிற்கவில்லை. "இவுகளையும் விட்டுட்டேன். எங்கிட்ட யாரும் கேக்கல, நானாத்தான் விடுறேன்." பழக்கதோஷத்தில் ஒரு சிலர் தட்டினார்கள், பிறகு அவர்களும் நிறுத்தினார்கள்.

"சைக்கிள மட்டும் விடல," என்று சொல்லி மைக்கை ஜமுக்காளத்தில் வைத்தாள்.

ஒரு கட்டைப்பையில் மாற்றுச் சேலைகளை எடுத்துக்கொண்டு ரேழிக்கு வந்தாள். ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்துத் திருப்பினாள், காலால் ஒரு தட்டுத் தட்டினாள், ஸ்டாண்டு விலகுகிற டக் சத்தம் கேட்டது. வாசற்படியில் இறக்கி, பையை மாட்டி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். கிரைண்டருக்குத்தான் கரண்ட் வேண்டும், சைக்கிளுக்குக் கால் போதும். அந்தரத்தில் உட்கார்ந்து, வெறும் காற்றை மிதித்து, மணி அடித்துக்கொண்டு பூவரசடித் தெருவில் அவள் போனாள், எதிரே வந்த பால்காரர் சைக்கிளுக்கு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி வழி விட்டார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள், நான் விழாமல் போகிறேன் என்று தெரிந்ததும் கையை விட்டவள், இப்போது திரும்பிப் பார்க்காமல் போகிறாள் என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பால்பண்ணைக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தாள். செகண்ட் ஹேண்டில் ஒரு கிரைண்டர், ஒரு அடுப்பு, ஒரு பாய், நாலு பாத்திரம். அந்த அறையில் இருக்கிற சாமானை விரல் விட்டு எண்ணிவிடலாம். எளிமை என்றால் இதுதான் என்று எந்த மன்றமும் அவளுக்குப் பொன்னாடை போர்த்த வரவில்லை, வந்தாலும் அதை மாட்ட அங்கே ஆணி இல்லை. மன்றத்தில் நிற்கிற சைக்கிளைப் பரிதிவாணனின் ஆட்கள் ஓட்டிப் பார்த்தார்களாம், பெடல் சுற்றவே இல்லையாம். உபயம் எழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறதாம்.

வைரவசுந்தரத்துக்கு அவர் கேட்ட வீடு கிடைத்தது. கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம், அத்தனை விஸ்தாரம். முதல் வாரம் நிம்மதியாக நடந்தார். அடுத்த வாரம் நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, இருட்டில் நடக்கிறவர் மாதிரி பட்டப்பகலில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். சுவரோரமாகப் போனார், அடுப்படிக்குப் போனார், அவள் எப்போதும் சாய்ந்து நிற்கிற கதவோரம் போய்க் காற்றைத் துழாவினார். நாள் முழுக்க அதே வேலை. கடைசியில் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். சவரம் செய்திருக்கவில்லை.

"தெய்வானை, நீ கொஞ்சம் வந்து பாரேன். எனக்குத்தான் தட்டுப்படலியோ என்னவோ. அடுப்படியில முப்பது வருஷத்துக்கு மேல நின்னவ. ஒரு சேலை நுனியாவது தட்டுப்படணுமில்ல?"

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன், போனேன். அடுப்பு முன்னால் நின்று கையை நீட்டினேன். கதவோரம், தண்ணீர்த் தொட்டி ஓரம், அம்மி மூலை, எல்லா இடத்திலும் தடவினேன். என் கை எங்கேயும் நிற்காமல் சுவர் வரைக்கும் போனது.

"இல்ல சார்," என்றேன். "அவுகள யாரும் கொடுக்கல. அவுகளே மனசறிஞ்சு போயிட்டாக. அப்படிப் போனா இடம் நிக்காது. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நீட்டிய கையை மடக்க மறந்து அங்கேயே நின்றார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் மணி அடித்தது. மாவு வந்திருந்தது. ஜெசிந்தா தூக்குவாளியோடு ஓடினாள், எட்வின் வாத்தியார் குண்டானோடு நின்றார். வைரவசுந்தரம் வேகமாக அலமாரிப் பக்கம் திரும்பினார், அடுப்படி மேடையைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். மாவு வாங்க அந்த வீட்டில் ஒரு பாத்திரம் இல்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு கேடயத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எதையும் ஊற்ற முடியாது என்று அவருக்கே தெரிந்து நின்றார். நான் என் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.